முள்ளக்காவின் வண்டி பேசிய கதை

வேன் ஸ்டாண்டில் அவளுக்குப் பெயர் முள்ளக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது லைசென்சில் பத்திரமாக இருந்தது, புழக்கத்தில் இல்லை. ஒரு கண் சாலையிலும் ஒரு கண் டாஷ்போர்டின் வெப்ப முள்ளிலுமாக ஓட்டுகிறவள் என்பதால் வந்த பெயர். வைத்தவன் பஞ்சர் என்று பட்டப்பெயர் கொண்ட இன்னொரு டிரைவர். ஒரே காலையில் இரண்டு டயரைப் பறிகொடுத்து அந்தப் பெயரைச் சம்பாதித்தவன் என்பதால், பிறருக்குப் பெயர் வைக்கும் உரிமையும் தனக்கு வந்துவிட்டதாக எண்ணியிருந்தான்.

அவள் தொடக்கத்தில் டிரைவரே அல்ல. பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவில் நின்று வேலை பார்த்தவள். அங்குள்ள பெண்களைக் காலையும் மாலையும் ஏற்றி இறக்கும் வேனில், டிரைவருக்குப் பின் சீட்டில், கதவோரமாக உட்கார்ந்து வருவாள். வேன்காரருக்குக் கண்ணில் புரை விழுந்து, வண்டியை விற்கப்போகிறேன் என்று அவர் சொன்ன நாளில் மற்றப் பெண்கள் இனி யார் வண்டியில் போவது என்று கவலைப்பட்டார்கள். இவள் கவலை வேறு. கால் நரம்பு புடைத்துக்கொண்டு, நின்று செய்யும் வேலை இனி ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உட்கார்ந்து செய்யும் வேலையாக அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வண்டி ஓட்டுவது. அதைக் கற்றுக்கொடுத்தவன் அவள் அண்ணன்.

அந்த அண்ணனைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிறு வயதிலேயே ஒயரும் ஸ்குரூ டிரைவருமாகத் திரிந்தவன். வீட்டில் எந்த சுவிட்ச் பழுதானாலும் பலகையைக் கழற்றிவிடுவான். கழற்றியதும் தங்கையைக் கூப்பிடுவான். "மெயினை அணைச்சிட்டேன் பாப்பா, தொடு" என்பான். மற்ற பிள்ளைகளாக இருந்தால் ஓட்டம் பிடித்திருப்பார்கள். இவள் விரலை நீட்டித் தொடுவாள். ஒரு தடவைகூட அவளுக்கு ஷாக் அடித்ததில்லை. அவன் அணைத்திருக்கிறானா என்று ஒரு தடவைகூட அவள் போய்ப் பார்த்ததும் இல்லை.

பெரியவனானதும் அவன் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆனான். பிரதான சாலை திரும்பும் இடத்தில் ஒரு ஷெட் போட்டுக் கடை வைத்தான். அவள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் தினமும் சாயங்காலம் போன் செய்வான். பேச்சு நீளமாக இருக்காது. "எப்படி இருக்கே பாப்பா?" என்பான். "இருக்கேன்" என்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அவளுக்குப் பொழுது சாயாது. அவள் கணவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர், கேலிக்காரர். "உங்க அண்ணன் ஆஜர் எடுத்துட்டாரா? இனி நான் சாப்பிடலாமா?" என்று கேட்பார்.

சேமிப்பையும், வேலையை விட்டபோது தொழிற்சாலையில் வந்த பணத்தையும் போட்டு அவள் அந்த வேனையே வாங்கினாள். மூடி பேக் செய்த கைக்கு ஸ்டியரிங் எதற்கு என்று கேட்டவர்களெல்லாம் பிறகு அவள் வண்டியில்தான் இடம் பிடித்தார்கள். சில வருடங்கள் நல்லபடி ஓடின.

ஒரு கோடையில் வண்டி அவளை நடுச்சாலையில் விட்டது. வெப்ப முள் எப்போதும் போலச் சரிபாதியில் நின்றது. நின்றபடியே நின்று, சட்டென்று சிவப்புக்குத் தாவியது. ஓரம் கட்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. எஞ்சினின் தலைப்பகுதி கோணிப்போயிருந்தது. மாதக்கணக்கில் சம்பாதித்ததை விழுங்கிவிட்டுத்தான் எஞ்சின் மறுபடி மூச்சு விட்டது.

அதைப் பிரித்துக் கட்டிய எஞ்சின் மெக்கானிக் ஒரு கடுகடுப்பான ஆள். எதையும் திட்டுகிற குரலில்தான் சொல்வார். "பாதியில நிக்கிற முள்ளை யாரும்மா நம்பச் சொன்னது? முள்ளு கொஞ்சம் ஆடினா டிரைவருக்குப் பயம் வருதுன்னு, எழுபத்தஞ்சு டிகிரில இருந்து நூறு தாண்டுற வரைக்கும் அசையாம பாதியிலேயே நிக்கிற மாதிரிதான் பண்ணி வெச்சிருக்கான். அது அசையும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார். பிறகு, எண்ணில் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

தன்னைப் பயப்படாமல் வைத்திருப்பதற்காக ஒரு முள் இத்தனை காலம் பொய் சொல்லியிருக்கிறது என்பது அவள் மனத்தில் ஆறவே இல்லை. அன்றைக்குப் பிறகுதான் அவள் முள்ளக்கா ஆனாள். நம்பாமல் போனதால்தான் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

எண் காட்டும் மீட்டர் கடையில் கிடைத்தது. கையகல வட்டம். அதன் ஒயரை ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் படும் இடத்தில் இருக்கும் ஸ்கேனர் சாக்கெட்டில் செருக வேண்டும். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், எஞ்சினை ஆற்றும் தண்ணீரான கூலன்டின் வெப்பத்தை அந்தச் சாக்கெட் வழியாக மீட்டருக்குச் சொல்லும். பஞ்சரின் வண்டி புதியது. அவன் செருகியதும் எண் வந்தது. இவள் செருகினாள், மீட்டர் பளிச்சென்று எரிந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் நின்றன. வேறு கம்பெனி மீட்டர் வாங்கினாள். அதிலும் கோடு. பஞ்சரின் மீட்டரையே கழற்றி மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் இவள் வண்டிக்கு வந்ததும் கோடு போட்டது.

அண்ணன் வந்து, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். சாக்கெட்டின் வடிவம் எல்லா வண்டியிலும் ஒன்றுதான், பதினாறு துளை. ஆனால் வடிவம் ஒன்றாக இருப்பதால் பேச்சும் ஒன்றாகிவிடாது. இந்த வேன் பழைய மாடல். அந்தக் காலத்தில் கம்பெனி தனக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தது. அதைக் கம்பெனியின் மிஷின் மட்டும்தான் புரிந்துகொள்ளும். கரண்ட் வரும் துளைகள் மட்டும் எல்லா வண்டிக்கும் பொது. அதனால்தான் மீட்டர் எரிகிறது, ஆனால் எண் வருவதில்லை.

"வாய் இருக்கு, பல் இருக்கு, நாக்குதான் இல்ல" என்றான் பஞ்சர். "ஊமை வண்டி அக்கா உன்னுது."

ஸ்டாண்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஞாயித்துக்கிழமை வண்டியை என்கிட்ட விடு. பேச வெக்கிறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வண்டி அவன் ஷெட்டில் நின்றது. திங்கட்கிழமை காலை அவனே ஸ்டாண்டுக்கு ஓட்டி வந்தான். டாஷ்போர்டின் மேல் வட்ட மீட்டர் உட்கார்ந்திருந்தது. சாவியைத் திருகி எஞ்சினைக் கிளப்பினான். நாற்பது என்று வந்தது. பிறகு நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று. டிரைவர்கள் ஜன்னலில் தலையை நுழைத்துப் பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். நடுவில் ஒரு அடாப்டர் வைத்து, பாஷையை மாற்றிக் கொடுத்திருப்பதாக அண்ணன் சொன்னான். அந்த ஒயர் எதுவும் யாருக்கும் புரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒன்று மட்டும் தங்கையிடம் தனியாகச் சொன்னான். வண்டியை அணைத்துவிட்டு உடனே போட்டாலும் எண் கீழிருந்துதான் ஏறி வரும். பழைய வண்டி, பேச்சு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. "சரிண்ணே" என்றாள். தொடு என்றால் தொடுகிறவள்.

அந்த மீட்டரோடு அவள் வாழ்ந்த காலத்தைச் சந்தோஷமான காலம் என்றுதான் சொல்ல வேண்டும். வண்டியின் குணம் முழுவதும் இப்போது தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். தினமும் அதே நேரம், அதே பாதை. கடைசிப் பெண் ஏறி, மேம்பாலத்தின் உச்சிக்கு வரும்போது தொண்ணூற்றேழு. பாலம் இறங்கித் தொழிற்சாலைச் சுவரைத் தொடும்போது தொண்ணூற்றொன்று. பிறகு எண்பத்தெட்டில் நிற்கும். நாள் தவறாமல் இதேதான். ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்குகிறது, இறக்கத்தில் ஆறுகிறது, எவ்வளவு நேர்மையான வண்டி என்று பூரித்துப்போனாள். நெரிசலில் மாட்டும் நாளில் தொண்ணூற்றேழு பாலத்துக்கு முன்னாலேயே வரும். நெரிசலில் சூடு ஏறத்தானே செய்யும் என்று அதற்கும் கணக்குச் சரியாக இருந்தது. பின் சீட்டுப் பெண்கள் பாலம் வந்ததும் "அக்கா, தொண்ணூத்தேழா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. "வந்துட்டான்" என்பாள், வரவேண்டிய விருந்தாளி வந்துவிட்ட மாதிரி.

ஒரு நாள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பெட்ரோல் பங்கில் அணைத்துவிட்டுப் போட்டதும் எண் நாற்பதிலிருந்து ஏறுவதைக் கவனித்தார். இப்போதுதானே எண்பத்தெட்டு இருந்தது, கொதிக்கிற தண்ணீர் அதற்குள் ஆறிவிடுமா என்று கேட்டார். அண்ணன் சொன்னதை அவள் அப்படியே ஒப்பித்தாள். "இல்ல, ஒரு சந்தேகம்" என்று இழுத்தார். துணி துவைக்கிறவர்களுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லிவிட்டாள். அன்று முழுவதும் அவர் பேசாததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அண்ணனின் கடைக்கும் நல்ல காலம் பிறந்தது. ஊமை வண்டியைப் பேச வைத்தவன் என்று பெயர் பரவியது. பரப்பியவள் இவள்தான். எந்த டிரைவர் எதிர்ப்பட்டாலும் தன் மீட்டரைக் காட்டி அண்ணன் கடைக்கு வழி சொல்லி அனுப்புவாள். கடை முகப்பில் புதிய பலகை ஏறியது: "பழைய வண்டியும் பேசும்." அண்ணி புதிய பிரிட்ஜ் வாங்கினாள். வாங்கிய அன்று நாத்தனாருக்குப் போன் செய்து, எல்லாம் உன் கைராசி என்றாள்.

ஒரு மழை நாள் பிற்பகல். வண்டி நிறையப் பெண்கள். டாஷ்போர்டில் காற்று வரும் துளைகள் வழியாக ஒரு வாசனை வந்தது. இனிப்பாக, சூடாக, எதையோ காய்ச்சுகிற மாதிரி. எஞ்சின் கோணிப்போன அன்றைக்கு வந்த அதே வாசனை. முள்ளைப் பார்த்தாள், பாதியில் நின்றது. அதை அவள் நம்பமாட்டாள். மீட்டரைப் பார்த்தாள், தொண்ணூற்றொன்று. ஓரம் கட்டி அண்ணனுக்குப் போன் செய்தாள். வாசனை வருவதைச் சொன்னாள். அவன் கேட்டான்:

"மீட்டர் எவ்வளவு காட்டுது?"

"தொண்ணூத்தொண்ணு."

"அப்ப ஒண்ணும் இல்ல. வா."

அவள் வந்தாள். பெண்களை ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டு, வண்டியை நேரே எஞ்சின் மெக்கானிக்கிடம் விட்டாள். ரேடியேட்டர் குழாயின் கிளிப் தளர்ந்து கூலன்ட் கசிந்திருந்தது. பாதிக்கு மேல் காலி. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் பழைய கதைதான், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவர் திட்டினார். கிளிப்பை இறுக்கி, கூலன்ட் நிரப்பி அனுப்பினார். அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்யவில்லை, வீட்டுக்கு நேரிலேயே வந்தான். கையில் புதிய குழாய், புதிய கிளிப். யாரும் கேட்காமலே மழையில் நனைந்தபடி மாட்டிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனான். "பார்த்தீங்களா, எங்க அண்ணனை?" என்று கணவரிடம் சொன்னாள். அவர் துவாலையை எடுத்துக் கொடுத்து, நனைந்த தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னார்.

உண்மை ஒரு உதிரிபாகக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

அவள் போனது வைப்பர் பிளேடு வாங்க. கல்லாவில் இருந்த பெண்மணி உள்ளே எடுக்கப் போயிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே வட்ட மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் பிளக்கிலிருந்து ஒரு ஒயர் வந்து அதில் சேர்ந்தது. எண்பத்தைந்து என்று காட்டியது. அவள் சும்மாதான் பார்த்தாள். எண்பத்தேழு. எண்பத்தெட்டு. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. அவளுக்கு என்னவோ போல் இருந்தது. தெரிந்த ஒருவரின் நடையை எங்கேயோ கூட்டத்தில் பார்ப்பது போல. தொண்ணூற்றாறு வந்ததும் தன்னை அறியாமல் உதட்டுக்குள் "தொண்ணூத்தேழு" என்றாள். தொண்ணூற்றேழு வந்தது. கொஞ்சம் நின்றது. "இப்ப இறங்கும்" என்று நினைத்தாள். இறங்கியது. தொண்ணூற்றொன்று.

மேம்பாலம் இல்லை. இறக்கம் இல்லை. எஞ்சினே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பர் பிளேடுகளுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவே அவள் வண்டி தினசரிப் பயணம் போய்க்கொண்டிருந்தது.

கல்லாப் பெண்மணி பிளேடுடன் திரும்பி வந்து, மீட்டர் வேண்டுமா என்று கேட்டாள். வண்டியில் மாட்டாமல் இது எப்படி எண் காட்டுகிறது என்று இவள் கேட்டாள்.

"அது டெமோம்மா. கடையில வெச்சுக் காட்டுறதுக்குன்னு கம்பெனியே போட்டுக் கொடுத்த ஓட்டம். சும்மா ஏறும், இறங்கும், கடைசியில ஒரு எண்ணுல நிக்கும். அணைச்சுப் போட்டா திரும்ப முதல்லேருந்து வரும். பின்னாடி பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா டெமோ வரும். திரும்ப அமுக்கிப் பிடிச்சா போயிடும்."

வண்டிக்கு வந்து, எஞ்சினைக் கிளப்பினாள். நாற்பது. மீட்டருக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினாள். மொச்சை அளவு ஒரு பட்டன் கிடைத்தது. இத்தனை காலத்தில் அந்த இடத்தை அவள் தூசுகூடத் தட்டியதில்லை. அண்ணன் கை வைத்த இடம். அமுக்கிப் பிடித்தாள். எண் மறைந்தது. இரண்டு சின்னக் கோடுகள் வந்து நின்றன.

அழுகை வரவில்லை. மனம் வேகமாக ஒரு வக்கீலைத் தேடிப் போயிற்று. அண்ணனுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம். மாட்டும்போது தெரியாமல் பட்டன் அமுங்கியிருக்கலாம். எண் வந்ததும், தன் அடாப்டர்தான் வேலை செய்கிறது என்று அவனும் ஏமாந்திருக்கலாம். ஏமாறாத ஆள் உண்டா? அப்படியானால் அவனும் தன்னைப் போலத்தான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். எஞ்சின் மறுபடி கோணினாலும் பரவாயில்லை, இது மட்டும் அப்படி இருந்துவிட வேண்டும்.

கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்டால் அவன் எதையாவது சொல்வான், தானும் நம்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே கேட்கக் கூடாது என்று முடிவு செய்தாள். பார்க்க வேண்டும்.

ஷெட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கினாள். அண்ணன் ஒரு லாரியின் ஹெட்லைட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, மீட்டர் கோடு காட்டுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இதில் ஏமாந்த ஆளாக இருந்தால் அவன் என்ன செய்வான் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். குனிவான். சாக்கெட்டில் டார்ச் அடிப்பான். ஒயரை ஆட்டிப் பார்ப்பான். அடாப்டரைக் கழற்றித் திரும்பச் செருகுவான். ஏதாவது ஒன்று செய்வான். அதில் ஒன்றைச் செய்தாலும் போதும், மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அவளே தயார்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் கதவைத் திறந்தான். உட்காரவில்லை. குனியவில்லை. சாக்கெட் இருக்கும் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. வலது கை நேரே மீட்டருக்குப் பின்னால் போயிற்று. விரல் தேடாமல் பட்டனைக் கண்டுபிடித்தது. அமுக்கிப் பிடித்தான். அப்படிப் பிடித்திருக்கும்போது அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது வந்தது.

"சரியாப் போச்சு" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்தாள்.

"எங்கேண்ணே போச்சு?" என்றாள்.

அப்போதுதான் அவன் திரும்பினான். சொல்ல வேண்டியது எதையும் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினாறு துளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவனுக்குத் தங்கை முகத்தைப் பார்க்கத் தெரியாதா?

பிறகு அவன் நிறையப் பேசினான். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடியதைச் சொன்னான். வாங்கிப் போட்ட அடாப்டர்கள் ஒன்றுகூடப் பேசவில்லை. ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டோமே என்று கூசியது. இரண்டு நாளைக்கு என்றுதான் டெமோவைப் போட்டான். வெளியூரில் ஒருவரிடம் வேறு அடாப்டர் சொல்லி வைத்திருந்தான், அது வரவே இல்லை. அதற்குள் அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள் வண்டியெல்லாம் பேசுகிற வண்டிகள், பேசாத வண்டிகளை முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டான். டெமோ ஓடுவது இவள் வண்டியில் மட்டும்தான். வேண்டுமானால் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும்.

அதைப் பெரிய சமாதானமாக நினைத்துச் சொன்னான் போலிருக்கிறது. ஊராருக்கெல்லாம் முடியாது என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, அவளிடம் மட்டும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"கீழேருந்துதான் ஏறும், பயப்படாதேன்னு சொன்னியே. அதுவும் கூச்சமா?" என்று கேட்டாள்.

அவன் லாரியைப் பார்த்தான்.

"சரி, அதை விடு. மழை அன்னைக்கு நான் போன் பண்ணேன். பின்னாடி அத்தனை பொம்பளைங்க. மீட்டர் எவ்வளவு காட்டுதுன்னு என்னைக் கேட்ட. நீ கேட்டேண்ணே. உனக்குத் தெரியும் அது என்ன காட்டும்னு. தெரிஞ்சுக்கிட்டே கேட்டு, நான் சொன்னதும், ஒண்ணும் இல்ல, வான்னு சொன்ன."

"பாப்பா…"

"மெயினை அணைச்சிட்டேன்னு சொன்ன. தொட்டேன்."

மீட்டரைப் பிடுங்கினாள். சாக்கெட்டிலிருந்து ஒயர் சுலபமாக வந்துவிட்டது; அங்கே அதைப் பிடித்து வைக்க எதுவும் இருந்ததில்லை. அதை லாரியின் பம்பர் மேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

மறுநாள் ஸ்டாண்டில் அவளே சொன்னாள். பிறர் சொல்லி முகத்தைச் சுளிப்பதைவிட நாமே சொல்லிவிடலாம் என்றுதான். அண்ணன் கடையில் மாட்டியவர்கள் எல்லோரும் பட்டனை அமுக்கிப் பார்க்கட்டும் என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அவன் சொன்னது மெய்தான். எல்லா மீட்டரும் உண்மையான எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. பஞ்சர் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "என்னுது ஒழுங்காத்தான் இருக்குக்கா" என்று, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னான். அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

எஞ்சின் மெக்கானிக் ஸ்கேனர் சாக்கெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியேட்டர் குழாயை நடுவில் வெட்டி, ஒரு சென்சாரைச் சொருகி, அதிலிருந்து தனியே ஒயர் இழுத்து ஒரு சாதாரண மீட்டரைப் பொருத்தினார். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சென்சார். நடுவில் யாரும் பேச வேண்டியதில்லை. முதல் நாள் பாலத்தின் உச்சியில் அது எண்பத்தாறு காட்டியது. இறக்கத்திலும் எண்பத்தாறுதான். வண்டிக்குப் பாலம் ஏறியதே தெரியவில்லை. "அக்கா, தொண்ணூத்தேழா?" என்று பின்னாலிருந்து வழக்கமான குரல் வந்தது. அவள் கியரை மாற்றினாள். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

அண்ணி ஒருநாள் வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, உடன்பிறந்தவன்தானே, உன் மனசு நோகக் கூடாதென்று செய்தது, அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, பலகையைக் கூட இறக்கி வைத்துவிட்டார் என்றெல்லாம் சொன்னாள். கடைசியாக, "நல்லவேளையா வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல அண்ணி" என்றாள் இவள். டீ போட்டுக் கொடுத்தாள். பிரிட்ஜ் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

கணவர் இதைப் பற்றிக் கேலியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. அவள்தான் ஒருநாள், துணி துவைக்கிறவர்களைப் பற்றித் தான் சொன்னதை எடுத்தாள். "அழுக்கு எங்கே இருக்குன்னு எங்களுக்குக் கொஞ்சம் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவப் போனார்.

சில நாள் இடைவெளிக்குப் பிறகு அண்ணனின் போன் மறுபடி வர ஆரம்பித்தது. அதே சாயங்கால வேளை. எடுக்கமாட்டாள் என்றுதான் கணவர் நினைத்தார். எடுத்தாள். இன்றைக்கும் எடுக்கிறாள். ஒரு நாள்கூட எடுக்காமல் விட்டதில்லை.

"எப்படி இருக்கே பாப்பா?" என்று அவன் கேட்பான்.

"தொண்ணூத்தொண்ணு" என்பாள்.

அதற்கு அவனிடம் இருந்த ஒரே பதிலை அவன் மழை நாளிலேயே சொல்லிவிட்டான். கொஞ்ச நேரம் இருவரும் போனைக் காதில் வைத்திருப்பார்கள். பிறகு அவள்தான் வைப்பாள்.